மூன்று நாட்டில் குடும்பம், ஒரு நாட்டில் வரிக்கணக்கு: துபாய்க்குப் புதிதாகக் கிளம்புபவர்களுக்கு

"துபாய்ல வரியே இல்ல, கோடைக்கு மலேசியா, லீவுக்கு ஊரு" என்று யாராவது சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் இதைப் படிக்க வந்திருக்கலாம். சட்டப்படி அப்படி வாழ முடியும். நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் காகிதம் எது, எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று முழுதாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

யாருக்கு இது: இந்தியக் குடியுரிமை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லேப்டாப்பில் செய்யும் வேலை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் உங்களுக்குச் செல்லாது. அவர்கள் உலகத்தில் எங்கிருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

1. முதலில் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். இந்தியாவில் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. வரிக்குரிய வருமானம் 30 லட்சம் என்றால் வரி ஏறக்குறைய 5 லட்சம், 1 கோடி என்றால் சர்சார்ஜும் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 29 லட்சத்துக்கு மேல். இதுதான் நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் தொகை.

இனி துபாய்ச் செலவு. அல் நஹ்தா, அல் குசைஸ் பக்கம் சுமாரான ஒரு படுக்கையறை வீட்டுக்கு வருடம் 60,000 திர்ஹாம் வையுங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கு, பஸ் கட்டணத்தோடு 25,000. ஃப்ரீ ஜோன் (வெளிநாட்டவர் கம்பெனி தொடங்குவதற்கான தனி மண்டலம்) லைசென்ஸ் 15,000 போல. விசா, இன்சூரன்ஸ் வகையில் 10,000. மொத்தம் 1,10,000 திர்ஹாம். திர்ஹாமை 24 ரூபாய் என்று வைத்தால் 26 லட்சம் ரூபாய் ஆகிறது. சாப்பாடும் விமான டிக்கெட்டும் இதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட சில தொழில்களில் தனியாக வேலை செய்பவர், ஆண்டு வரவு 75 லட்சம் வரை இருந்தால், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். பணம் பெரும்பாலும் வங்கி வழியாக வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதாவது 60 லட்சம் சம்பாதிப்பவர் ஊரிலேயே இருந்து கட்டுவது 5 லட்சம்தான். அதை மிச்சம் பிடிக்க 26 லட்சம் செலவு செய்வதில் அர்த்தம் இல்லை. என்னைக் கேட்டால், வரவு 1 கோடியைத் தாண்டாதவர்கள் வரிக்காக மட்டும் கிளம்பவே வேண்டாம். வேலை, வாடிக்கையாளர், பள்ளி என்று வேறு காரணமும் சேர்ந்தால் யோசிக்கலாம்.

2. நாட்டைப் பிறகு பாருங்கள், பள்ளியை முடிவு செய்யுங்கள்

கல்யாணம் ஆகாதவர்கள் மாதம் ஒரு நாடு என்று சுற்றலாம். பிள்ளை இருந்தால் பள்ளிக்கூட நாட்காட்டிதான் உங்கள் வரி நாட்காட்டி. சிபிஎஸ்இ பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். 10, 12 ஆம் வகுப்புகளில் நேரடியாகப் புதிய பள்ளியில் சேர்ப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஒன்பதாம் வகுப்புக்குள் நிலையான ஒரு பள்ளியில் உட்கார வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நாடு மாற்றுவது பிள்ளையை வைத்துச் சூதாடுவது.

துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், பிரிட்டிஷ் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். இந்தியப் பள்ளி என்றால் ஊரில் முழுப் பரீட்சை முடிந்ததும் கையோடு மாற்றலாம். டிசியில் மாவட்டக் கல்வி அலுவலகக் கையெழுத்து கேட்கும் பள்ளிகள் உண்டு. சேரப்போகும் பள்ளியிடம் என்னென்ன முத்திரை வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு பழைய பள்ளிக்குப் போங்கள். மே மாதத்தில் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

3. ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ்: தமிழ்நாட்டில் பல பிள்ளைகளின் சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் காலியாகவே இருக்கும். பிறந்து 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகப் பதியலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. பெயர் இல்லாத சான்றிதழை வைத்து விசா வாங்க முடியாது. இன்றே எடுத்துப் பாருங்கள்.

திருமணச் சான்றிதழ்: கோயில் ரசீதும் மண்டபத்துப் பத்திரிகையும் உதவாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவுதான் வேண்டும்.

பெயர்: நம் இனிஷியல் பழக்கம் பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து இரண்டாவது பெயருக்கான இடம் காலியாக இருந்தால், சுற்றுலா, விசிட் விசாவில் அமீரகத்துக்குள் விடுவதில்லை என்ற கட்டுப்பாடு 2022 நவம்பரிலிருந்து உண்டு. இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டை எல்லாருக்கும் முதலில் வாங்கிவிட்டு, மற்ற சான்றிதழ்களின் எழுத்துகளை அதோடு ஒத்துப் பாருங்கள். அப்பா பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் அதைத் திருத்த ஆகும் காலம்தான் இந்த வேலையிலேயே நீளமானது.

அட்டெஸ்டேஷன்: திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் முதலில் மாநில அரசு, அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாகத் துபாய் போனதும் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு இடத்தில் முத்திரை வாங்க வேண்டும். கடைசி முத்திரைக்கு ஒரு காகிதத்துக்கு 150 திர்ஹாம். ஏஜென்சி வழியாகக் கொடுத்தாலும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். "அப்போஸ்டில் போதும் சார்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். அப்போஸ்டில் என்பது தூதரகம் போகாமல் வெளியுறவு அமைச்சகத்தோடு முடியும் முத்திரை, அமீரகத்துக்குத் தூதரக முத்திரைதான் செல்லும். அசல் சான்றிதழின் பின்பக்கமே முத்திரையால் நிறைந்துவிடும் என்பதால் ஊர்த் தேவைக்கு இன்னொரு பிரதி வாங்கி வையுங்கள்.

4. கிளம்பும் தேதி

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இந்திய வரிவசிப்பாளர், உலக வருமானம் முழுக்க இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வேலைக்காக வெளிநாடு போகும் ஆண்டில் இந்த 182 நாள் வரம்பு பொருந்தும். வெளிநாட்டில் சொந்தத் தொழில் செய்யப் போவதும் இதில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். அன்றைக்குள் விமானம் ஏறிவிட வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். செப்டம்பர் 25-ல் கிளம்பிவிட்டு, தீபாவளிக்கு ஒரு வாரம், பொங்கலுக்கு ஒரு வாரம் என்று வந்தால் அந்த நாட்களும் சேர்ந்து 182-ஐத் தாண்டிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் கிளம்புவதுதான் நிம்மதி. பள்ளிச் சேர்க்கைக்கும் அதுவே பொருந்துகிறது. இறங்கும் நாள், ஏறும் நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணுங்கள். அரை நாள் வாதம் எல்லாம் வழக்கு நடத்த விரும்புபவர்களுக்கு.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மேலே சொன்ன நாள் வரம்புகள் அப்படியே இருக்கின்றன. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பழைய படிவ எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

5. துபாயில் விசாவும் வீடும் கம்பெனியும்

வரிசை இது: கம்பெனி லைசென்ஸ், உங்கள் விசா, எமிரேட்ஸ் ஐடி, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், இஜாரி பதிவு (அந்த ஒப்பந்தத்தை அரசிடம் பதிவது), அதன் பிறகு குடும்ப விசா. குடும்பத்தை முதல் விமானத்திலேயே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் முன்னால் போய் இரண்டு மாதத்தில் இதையெல்லாம் முடிப்பது நல்லது. வங்கிக் கணக்கு திறப்பதுதான் அதிகம் இழுக்கும். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் ஆறு மாத இந்திய வங்கி ஸ்டேட்மென்ட்டையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்ய மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருந்தால் போதும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. வீட்டுக்கு வாடகை தவிர ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், முன்பணம் 5 சதவீதம், மின்சாரம் தண்ணீருக்கு 2,000 திர்ஹாம் டெபாசிட், அப்புறம் மாதாமாதம் மின் கட்டணத்தோடு வந்து சேரும் மாநகராட்சிக் கட்டணம் (வருட வாடகையில் 5 சதவீதம்) எல்லாம் உண்டு. வரப்போகும் தேதிகள் போட்ட காசோலைகளாகத்தான் வாடகை கேட்பார்கள். நான்கு காசோலைக்கு ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரராகப் பாருங்கள்.

"வரியே இல்லை" என்பது தனிநபர் சம்பளத்துக்குத்தான். 2023 ஜூன் 1-க்குப் பிறகு தொடங்கும் கணக்காண்டுகளிலிருந்து கம்பெனிகளுக்கு 3,75,000 திர்ஹாமுக்கு மேல் உள்ள லாபத்தில் 9 சதவீத வரி உண்டு. 30 லட்சம் திர்ஹாம் வரை வருவாய் உள்ள சிறு தொழில்களுக்கான சலுகை, 2026 டிசம்பர் 31-க்குள் முடியும் கணக்காண்டுகளுக்கு மட்டும். வரி வராவிட்டாலும் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் அபராதம் 10,000 திர்ஹாம். லைசென்ஸ் விற்ற ஏஜென்ட் இதை நினைவூட்டுவார் என்று காத்திருக்காதீர்கள்.

சாதாரண விசா வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதம் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். மனைவி, பிள்ளைகளுக்கும் அதே விதிதான். கோல்டன் விசா என்ற நீண்ட கால விசாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் வீடு வாங்கி அதைப் பெற 20 லட்சம் திர்ஹாம் வேண்டும்.

6. நாள் கணக்கு

ஒரு எக்ஸெல் தாள் திறந்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பத்தி போடுங்கள். வரிவசிப்பு ஆளுக்கு ஆள் தனி. நீங்கள் என்ஆர்ஐ (இந்திய வரிவசிப்பாளர் அல்லாத இந்தியர்) ஆகிவிட்டதால் மனைவியும் என்ஆர்ஐ என்று ஆகாது.

இந்தியாவுக்கு விடுமுறையில் வரும் என்ஆர்ஐ, இந்திய வருமானம் 15 லட்சத்துக்குள் இருந்தால், வருடம் 181 நாள் வரை தங்கலாம். 15 லட்சத்தைத் தாண்டினால், முந்தைய நான்கு ஆண்டில் 365 நாள் இங்கே இருந்தவருக்கு அந்த வரம்பு 119 நாளாகக் குறையும். நாள் எத்தனையாக இருந்தாலும், 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் உள்ள இந்தியக் குடிமகன் வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவர் என்றால், அவரை இந்திய வரிவசிப்பாளராகவே கருதும் விதியும் உண்டு. தனிநபர் வருமான வரியே இல்லாத துபாயில் இருப்பவர்களை நேராகத் தொடும் விதி இது.

பயப்பட வேண்டாம். இந்த இரண்டு வகையிலும் கிடைப்பது ஆர்என்ஓஆர் என்ற அரைகுறைத் தகுதி, அதில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. ஒரு விலக்கு மட்டும் உண்டு: இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் தொழிலின் வருமானத்துக்கு வரி வரும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த விலக்குதான் பொறி. கம்பெனி துபாயில், ஆனால் விலை பேசுவதும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் கோயம்புத்தூர் வீட்டு மாடியில் என்றால், எங்கிருந்து தொழில் நடக்கிறது என்ற கேள்வி வரும். ஊருக்கு வரும் வாரங்களில் பெரிய ஒப்பந்தங்களைக் கையெழுத்திடாமல் தள்ளிப் போடுங்கள்.

15 லட்சத்தில் ஊர் வீட்டு வாடகை, என்ஆர்ஓ (ஊர் வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்கு) வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எல்லாம் சேரும். வரிவிலக்குள்ள என்ஆர்இ (வெளிநாட்டுப் பணத்துக்கான என்ஆர்ஐ கணக்கு) வட்டி சேராது. அப்பாவின் மனையை விற்கும் வருடத்தில் ஒரே அடியாக 15 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். அந்த வருடம் மட்டும் ஊரில் தங்கும் நாட்களைக் குறையுங்கள். விற்கும் முன்பே குறைந்த டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பணம் ரீஃபண்டுக்காக மாதக் கணக்கில் அரசிடம் கிடக்கும்.

7. கோடைக்கு மூன்றாவது நாடு

துபாய் பள்ளிகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் அங்கே வெளியே தலைகாட்ட முடியாது. இரண்டு மாதமும் ஊரில் கழித்தால் நாள் கணக்கு ஏறிவிடும். நாங்கள் அதில் பாதியைப் பினாங்கில் கழிக்கிறோம். இட்லி கிடைக்கும், தமிழ் பேசலாம், பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தெரியாது.

இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லாத அனுமதி 2026 இறுதி வரை உண்டு. அது சுற்றிப் பார்க்கத்தான். வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் டிஇ ரன்தாவ் என்ற டிஜிட்டல் நாடோடி அனுமதி எடுங்கள். தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட்டை ஒட்டியும், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட்டை ஒட்டியும்.

அங்கே உட்கார்ந்து செய்யும் வேலையின் சம்பளம், பணம் எங்கிருந்து வந்தாலும், மலேசிய வருமானம்தான். வரிவசிப்பாளர் அல்லாத ஊழியருக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் 60 நாள் வரை விலக்கு, அதற்கு மேல் போனால் 30 சதவீதம். அதனால் 60 நாளைத் தாண்டாதீர்கள். தாய்லாந்து பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 180 நாள் இருந்தால் வரிவசிப்பாளர், 2024 முதல் அவர்கள் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி.

8. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தால்

கணவர் மட்டும் துபாயில், பிள்ளை படிப்புக்காக மனைவி ஊரில் என்ற ஏற்பாடு நம்மிடம் அதிகம். செலவு குறைவு, ஆனால் மூன்று பொறி உண்டு.

மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை. அந்தப் பணத்தை அவர் எஃப்டி போட்டால் வட்டி உங்கள் வருமானமாகச் சேரும். உங்கள் பெயரிலேயே என்ஆர்இ எஃப்டி போட்டிருந்தால் அதே வட்டிக்கு வரி இல்லை. மைனர் பிள்ளைகளின் பெயரில் போட்டாலும் அது பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில்தான் சேரும்.

துபாய் வங்கிக் கணக்கில் மனைவியைக் கூட்டுக் கணக்காளராகச் சேர்த்தால், ஊரில் வரிவசிப்பாளராக இருக்கும் அவர் அதைத் தன் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் வரை இருந்தால் 2024 அக்டோபர் முதல் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு, ஆனால் காட்ட வேண்டிய கடமை போகவில்லை. சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று பெயரைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, ஆறு மாத விசா விதி. ஊரில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் வருடம் இருமுறையாவது துபாய் வந்து போக வேண்டும். இரண்டு வருகைக்கு நடுவில் ஆறு மாதம் ஆகிவிடாதபடி தேதிகளைப் பாருங்கள். டிக்கெட் செலவை முதல் படியில் போட்ட கணக்கில் சேருங்கள்.

9. வங்கிகள்

தொழிலுக்காகவோ வேலைக்காகவோ கிளம்பியதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டம் 182 நாளுக்குக் காத்திருப்பதில்லை. துபாய்ப் பணத்துக்கு என்ஆர்இ, ஊர் வாடகைக்கு என்ஆர்ஓ. புதிய பிபிஎஃப் திறக்க முடியாது, பழையது முதிரும் வரை தொடரலாம். மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சியையும் மாற்றுங்கள்.

துபாய் வங்கியில் வரிவசிப்பு நாடு எது என்று ஒரு படிவம் தருவார்கள். அவசரத்தில் ஊர் முகவரியும் இந்தியக் கைபேசி எண்ணும் எழுதினால், அந்தக் கணக்கு விவரம் தகவல் பரிமாற்ற ஏற்பாட்டில் இந்திய வரித்துறைக்குப் போகும். தப்பு எதுவும் இல்லாவிட்டாலும் நோட்டீசுக்குப் பதில் எழுதும் வேலை வந்து சேரும்.

10. வரிவசிப்புச் சான்றிதழ், அதாவது டிஆர்சி

அமீரக உள்நாட்டு விதிப்படி, ரெசிடென்ஸ் விசாவும் அங்கே நிரந்தர வீடோ வேலையோ இருந்தால் 12 மாதத்தில் 90 நாள் இருந்தாலே வரிவசிப்பாளர். விளம்பரங்களில் வரும் 90 நாள் இதுதான். இந்தியா-அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமோ நாட்காட்டி ஆண்டில் 183 நாள் கேட்கிறது. ஊரில் என்ஆர்ஓ வட்டிக்கு 31.2 சதவீத டிடிஎஸ்ஸுக்குப் பதில் 12.5 சதவீதம் பிடிக்கச் சொல்லவும், விடுமுறையில் ஊரிலிருந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு விலக்குக் கேட்கவும் அந்த 183 நாள் சான்றிதழ்தான் வேண்டும். 90 நாள் திட்டத்தை நம்பி மற்ற ஒன்பது மாதத்தையும் வெளியே கழிப்பவருக்கு ஊரில் பேச ஒரு ஆதாரமும் இருக்காது.

183 நாள் முடிந்ததும் அமீரக வரித்துறையின் எமாராடேக்ஸ் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, இஜாரி, வருமானச் சான்று, வங்கி முத்திரையோடு ஆறு மாத ஸ்டேட்மென்ட், குடிவரவுத் துறையின் வருகை-புறப்பாடு அறிக்கை ஆகியவை தேவை. விண்ணப்பத்துக்கு 50 திர்ஹாம். சான்றிதழுக்கு, வரிப் பதிவு இல்லாத தனிநபர் என்றால் 1,000, பதிவு உள்ளவர் என்றால் 500. இஜாரி காலாவதியாகி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், முதலில் அதைப் புதுப்பியுங்கள். இந்திய நிதியாண்டு இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் விழுவதால் இரண்டு ஆண்டுச் சான்றிதழையும் வாங்கி வைப்பது நல்லது.

11. திரும்பி வரும் தேதி

கிளம்பும்போதே இதையும் யோசித்து வையுங்கள். விடுமுறையில் வருபவருக்கான தளர்வு, நிரந்தரமாகத் திரும்புபவருக்குக் கிடையாது. முந்தைய நான்கு நிதியாண்டுகளில் மொத்தம் 365 நாள் ஊரில் இருந்திருந்தால், திரும்பும் ஆண்டில் 60 நாள் இருந்தாலே வரிவசிப்பாளர். வருடம் நூறு நாள் ஊருக்கு வந்து போகும் குடும்பத்துக்கு நான்கு வருடத்தில் 400 நாள் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்த நிதியாண்டில் வேறு பயணம் இல்லாமல், பிப்ரவரி தொடக்கத்துக்குப் பிறகு வந்து இறங்கினால் கணக்கு 60-ஐத் தொடாது. முந்தைய ஏழு ஆண்டில் 729 நாளுக்குள் ஊரில் இருந்தவர்களுக்குத் திரும்பிய பிறகும் ஆர்என்ஓஆர் தகுதி கிடைக்கும். துபாய்க் கணக்குகளை மூடுவது, முதலீடுகளை விற்பது எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். பிள்ளையின் முழுப் பரீட்சை மார்ச்சில் முடிவதால் டிசிக்கும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் ஊர்ப் பள்ளி திறந்துவிடும்.